26 வயதுக்குள் இருக்கிறீர்களா? பிரான்ஸ் மியூசியங்களில் இலவச அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்குப் படிக்க வந்த புதிதில், லூவ்ர் மியூசிய வாசலில் டிக்கெட் காசு கொடுத்து உள்ளே போனவன் நான். எனக்கு அப்போது வயது 23, கையில் ஒரு வருட மாணவர் விசா. ஒரு சென்ட்கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்று தெரியவர நாலு மாதம் ஆனது. அதற்குப் பிறகு புதிதாக வருகிற தம்பி தங்கைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

உண்மையிலேயே இலவசமா? ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான் என்கிறார்களே?

உண்மையிலேயே இலவசம்தான். பிரான்சில் அரசு நடத்தும் தேசிய மியூசியங்களிலும், தேசிய நினைவுச் சின்னங்களிலும் 18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் காசு கொடுக்க வேண்டாம். 2009 ஏப்ரல் 4 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் எந்த நாட்டுப் பிள்ளையானாலும் இலவசம். சுற்றுலா வந்த பிள்ளைக்கும் அதேதான்.

“ஐரோப்பியர்களுக்கு மட்டும்” என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. 2009 ஜனவரியில் அன்றைய அதிபர் சார்கோசி இதை அறிவித்தபோது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களை மனத்தில் வைத்துத்தான் பேசினார்கள். இங்கேயே வாழ்ந்து, இங்கேயே படிக்கிற வெளிநாட்டு இளைஞர்களை மட்டும் ஏன் ஒதுக்க வேண்டும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு முறைப்படி வசிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழைய செய்தி மட்டும் இன்னும் வாய்மொழியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மாணவர் அட்டையைக் காட்டினால் போதுமா?

போதாது. பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பிரான்சில் இது மாணவர் சலுகையே இல்லை. நீங்கள் படிக்கிறீர்களா, வேலை செய்கிறீர்களா, வீட்டில் சும்மா இருக்கிறீர்களா என்று யாரும் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான்: வயது 26-க்குக் கீழா, நீங்கள் இங்கே வசிப்பவரா.

இதைப் புரிந்துகொண்டால் மற்ற சந்தேகங்களில் பாதி தானாகத் தீரும். 24 வயதில் கணவரோடு வந்து வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் இலவசம். 22 வயதில் பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் கடையில் வேலை பார்க்கும் தம்பிக்கும், குடியிருப்பு அட்டை இருந்தால், இலவசம். அகதி அந்தஸ்து பெற்று இங்கே வாழும் ஈழத்து இளைஞர்களுக்கும் அப்படியே. ஆனால் சென்னையில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டு, பத்து நாள் சுற்றிப் பார்க்க வந்த 20 வயது மாணவிக்குக் கிடையாது. அவளிடம் சர்வதேச மாணவர் அட்டை இருந்தாலும் அதே பதில்தான்.

அப்படியானால் எதைக் காட்ட வேண்டும்?

வயதுக்கும் அடையாளத்துக்கும் பாஸ்போர்ட். வசிப்பதற்கு, உங்கள் நிலைக்கு ஏற்ப இவற்றில் ஒன்று.

முதல் வருடம் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய நீண்டகால மாணவர் விசாதான் குடியிருப்பு அனுமதி. பிரெஞ்சில் சுருக்கமாக வே-எல்-எஸ்-தே-எஸ் என்பார்கள். பிரான்சுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் அதை இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். மியூசியத்துக்காக இல்லையென்றாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். உறுதிசெய்தபின் வரும் சான்றிதழை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விசாப் பக்கத்தையே பார்த்து விட்டுவிடுகிறார்கள்தான், ஆனாலும் இருக்கட்டும்.

இரண்டாம் வருடம் முதல் பிளாஸ்டிக் அட்டை வந்துவிடும். தித்ர் த செஜூர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பிறந்த தேதி, புகைப்படம், செல்லுபடியாகும் நாள் எல்லாம் அதிலேயே இருப்பதால் இந்த ஒரு அட்டையே போதும். பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மெத்ரோவில் பிக்பாக்கெட் பயமும் குறையும்.

அட்டை காலாவதியாகிவிட்டது, புதியது இன்னும் வரவில்லை. என்ன செய்வது?

வராது, சீக்கிரம் வராது. அட்டை தரும் அரசு அலுவலகமான ப்ரெஃபெக்சூர் என்றாலே பொறுமை என்று அர்த்தம். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது உங்கள் உரிமைகளை நீட்டித்து ஒரு கடிதம் தருவார்கள். பழைய வழக்கப்படி ரெசெபிசே, இணையத்தில் விண்ணப்பித்தவர்களுக்குத் தரவிறக்கிக்கொள்ளும் சான்றிதழ். அதோடு காலாவதியான அட்டையையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு அந்தக் காகிதம் பழக்கமில்லாமல் போகலாம். கோபப்படாமல், தேதி இருக்கும் வரியை விரலால் காட்டினால் வேலை நடக்கும்.

போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அது செல்லுமா?

ஒரு முறை செல்லும், மறுமுறை செல்லாது. நானும் ஒரு நண்பனும் ஒரே நாளில், பத்து நிமிட இடைவெளியில், ஒரே மியூசியத்தின் இரண்டு கவுண்டருக்குப் போனோம். என் போன் படத்தைப் பார்த்துத் தலையசைத்து அனுப்பிவிட்டார் ஒரு அம்மா. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர் அவனிடம் அசல் இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். அசலைக் கொண்டுபோங்கள்.

நான் ஜெர்மனியில் படிக்கிறேன். பாரிஸுக்கு வந்தால் எனக்கும் இலவசமா?

லூவ்ரில், ஒர்சே மியூசியத்தில், வெர்சாய் அரண்மனையில்: ஆம். அங்கெல்லாம் பார்ப்பது பிரான்சில் வசிக்கிறீர்களா என்று இல்லை, ஐரோப்பாவில் வசிக்கிறீர்களா என்று. லூவ்ர் இன்னும் கொஞ்சம் தாராளம்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றையும் சேர்த்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி முழுவதையும் கணக்கில் எடுக்கிறது. உங்கள் ஜெர்மன் குடியிருப்பு அட்டையையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுவாருங்கள்.

ஆனால் தேசிய நினைவுச் சின்னங்களில் கவனம் தேவை. ஆர்க் த த்ரியோம்ஃப் வளைவின் மேல்தளம், சேன்ட் ஷப்பேல், பாந்தேயோன், மோன் சேன்-மிஷேல் மடாலயம் இவையெல்லாம் வேறொரு நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. அவர்களுடைய விதியில் ஐரோப்பியர் அல்லாதவர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில், பிரான்சில் முறைப்படி வசிப்பவர் என்றுதான் இருக்கிறது. ஆகவே பிரான்சின் லியோனில் படிப்பவருக்கு இலவசம். முனிக்கில் படிப்பவர் அங்கே டிக்கெட் வாங்கத் தயாராகப் போவது நல்லது.

லண்டனில் படிக்கிறேன். சூரிக்கில் இருக்கிறேன். எங்களுக்கு?

மன்னிக்கவும், இல்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டது, சுவிட்சர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேரவே இல்லை. நம் ஆட்கள் அதிகம் இருக்கும் இரண்டு நாடுகள் இப்படி விடுபட்டுப் போனது வருத்தம்தான். சுவிஸ், பிரிட்டிஷ் குடியிருப்பு அட்டை லூவ்ரில் உதவாது. உங்களிடம் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற ஐரோப்பிய ஒன்றிய நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தால் ஒர்சேயிலும் தேசிய நினைவுச் சின்னங்களிலும் கதை வேறு.

லண்டன்காரர்களுக்கு ஒரு ஆறுதல்: பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் எல்லாவற்றிலும் நிரந்தரக் காட்சி எல்லோருக்குமே இலவசம். வயதும் கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. நாங்கள்தான் இங்கே அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருக்கிறோம். பாரிஸ் வந்தால்?

நல்ல கேள்வி, அடிக்கடி விட்டுப்போகிற கேள்வியும்கூட. ஒர்சேயிலும் தேசிய நினைவுச் சின்னங்களிலும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு வசிப்பிடம் பார்ப்பதில்லை. 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்காரர் புதுச்சேரியிலிருந்து நேரே விமானத்தில் வந்திறங்கினாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போகலாம்.

இலவசம்தானே, நேரே போய் வரிசையில் நிற்கலாமா?

சின்ன மியூசியங்களில் நிற்கலாம். லூவ்ரிலும் வெர்சாயிலும் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். இலவசம் என்றாலும் அவர்களுடைய அதிகாரபூர்வ இணையதளத்தில் நாளும் நேரமும் தேர்ந்து டிக்கெட் எடுக்க வேண்டும். விலை பூஜ்யம் யூரோ என்று காட்டும். 26-க்குக் கீழ், ஐரோப்பியக் குடியிருப்பாளர் என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள். வாசலில் அந்த டிக்கெட்டோடு அட்டையையும் கேட்பார்கள். அட்டை இல்லையென்றால் டிக்கெட்டும் செல்லாது.

இன்னொன்று. வரிசையில் நிற்காமல் நுழையலாம் என்று சொல்லி, பூஜ்யம் யூரோ டிக்கெட்டுக்கு பதினைந்து இருபது யூரோ “சேவைக் கட்டணம்” வாங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். மியூசியத்தின் சொந்தத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். அதேபோல, பாரிஸ் மியூசியம் பாஸ் என்று விற்கிறார்களே, 26 வயதுக்குள் இருக்கும் குடியிருப்பாளருக்கு அது தண்டச் செலவு.

லூவ்ர் டிக்கெட் விலை ஏறிவிட்டதாமே?

ஏறியிருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. 2026 ஜனவரி 14 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 22 யூரோவாக இருந்தது 32 ஆகிவிட்டது. நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இருவருக்கும் 64 யூரோ, உங்களுக்குப் பூஜ்யம். இந்தக் கணக்கை அப்பாவிடம் சொல்லும்போது கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். வாசலில் நின்று கண்ணாடிப் பிரமிடைப் பார்த்ததே போதும் என்று திரும்பிவிடுவார்.

அவர்களை அழைத்துப்போக ஒரு வழி உண்டு. ஜூலை, ஆகஸ்ட் தவிர மற்ற மாதங்களில் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு மேல் லூவ்ர் எல்லோருக்கும் இலவசம். முன்பதிவு வேண்டும், இடங்கள் வேகமாகத் தீர்ந்துவிடும். ஒர்சேயில் மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோருக்கும் இலவசம். வேறு வழி என்றால் பாரிஸ் நகராட்சியின் மியூசியங்கள். கர்னவலே, பெத்தி பலே, நகரின் நவீனக் கலை மியூசியம் மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்கு யாருக்குமே டிக்கெட் கிடையாது. பெத்தி பலேயின் உள்முற்றத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து கட்டிச்சோறு சாப்பிட முடியாது என்றாலும், காபி குடிக்கலாம்.

கவுண்டரில் பிரெஞ்சில் என்ன சொல்வது?

“மோஅன் த வேன்த்-சீஸ் ஆன், ரெசிதான் ஆன் ஃப்ரான்ஸ்.” இருபத்தாறுக்குக் கீழ், பிரான்சில் வசிப்பவர். முதலில் “போன்ஜூர்” சொல்ல மறக்காதீர்கள். வணக்கம் சொல்லாமல் அட்டையை நீட்டினால் இலவசம் கிடைக்கும், முகம் கிடைக்காது.

எதெல்லாம் இலவசத்தில் வராது?

ஐஃபில் கோபுரம் வராது. அது மியூசியமும் இல்லை, அரசுடையதும் இல்லை, நகராட்சியுடையது. அங்கே 12 முதல் 24 வயதுவரை குறைந்த கட்டணம் உண்டு, அவ்வளவுதான். தனியார் மியூசியங்களும் வராது. கிராண்ட் பலே போன்ற இடங்களில் நடக்கும் தற்காலிகக் கண்காட்சிகளுக்குத் தனி டிக்கெட். நோத்ர்-தாம் தேவாலயத்துக்குள் போக யாருக்குமே காசு இல்லை. அதற்கு வெளியே யாராவது டிக்கெட் விற்றால் நடையைக் கட்டுங்கள்.

ஊர்களின் நகராட்சி மியூசியங்களுக்கு ஊருக்கு ஊர் விதி மாறும். திஜோனில் நுண்கலை மியூசியத்தின் நிரந்தரக் காட்சி எல்லோருக்கும் இலவசம். லான்ஸ் ஊரில் இருக்கும் லூவ்ரின் கிளையிலும் நிரந்தரக் கூடம் அப்படியே.

இத்தாலி, ஸ்பெயின் போகிறேன். அங்கேயும் இந்த அட்டை உதவுமா?

ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. பிரான்ஸ் எங்கே வசிக்கிறாய் என்கிறது. இத்தாலி எந்த நாட்டுக் குடிமகன் என்கிறது. ஸ்பெயின் படிக்கிறாயா என்கிறது.

மாத்ரிதின் பிராதோ மியூசியத்தில் 18 முதல் 25 வயது வரை உள்ள மாணவர்களுக்கு, எந்த நாட்டுக்காரர் ஆனாலும், இலவசம். பிரான்சில் பையின் அடியில் கிடந்த மாணவர் அட்டைக்கு அங்கேதான் மரியாதை. செல்லுபடியாகும் கல்வியாண்டு அதில் அச்சாகியிருக்க வேண்டும். மாணவர் இல்லையென்றால் திங்கள் முதல் சனி வரை மாலை 6 முதல் 8, ஞாயிறு 5 முதல் 7 எல்லோருக்கும் திறந்துவிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் பிராதோவை முடிக்க முடியாது. ஓவியர்களில் கோயாவையோ வெலாஸ்கெஸையோ தேர்ந்துகொண்டு போங்கள்.

இத்தாலியின் அரசு மியூசியங்களில் 18 முதல் 25 வயதுக்கு 2 யூரோ என்பது ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு பிரெஞ்சு அட்டையைக் காட்டி வாதாடிப் பயனில்லை. நான் முயன்று பார்த்தேன். ஒரு விதிவிலக்கு: ஐரோப்பிய ஒன்றியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, தொல்லியல், கலை வரலாறு, பண்பாட்டுப் பாதுகாப்பு போன்றவை படிப்பவர்கள் பதிவுச் சான்றிதழைக் காட்டி இலவசமாகப் போகலாம். மற்றவர்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இருக்கிறது. ரோமின் கொலோசியமும் அன்று இலவசம்தான், ஆனால் ஊரே அங்கேதான் நிற்கும். வத்திக்கான் தனி நாடு என்பதால் அதன் கணக்கே வேறு: மாதத்தின் கடைசி ஞாயிறு.

ஆஸ்திரியாவின் தேசிய மியூசியங்களில் 19 வயதுக்குக் கீழ் இலவசம். அதாவது முதுகலை படிக்க வந்தவர்களுக்கு எட்டாக் கனி.

எதை முதலில் பார்க்கலாம்?

எல்லோரும் மோனா லிசா என்பார்கள். போய்ப் பாருங்கள், முன்னால் நூறு போன்கள் உயர்ந்திருக்கும், அவற்றுக்கு நடுவே ஒரு சின்னப் படம். அதைப் பார்த்த கையோடு நான் ஆட்களை அழைத்துப்போகும் இடம் கீமே. லியோன் தொழிலதிபர் எமில் கீமே தொடங்கிய ஆசியக் கலை மியூசியம். 1889-இல் பாரிஸில் திறந்தார்கள். இயேனா மெத்ரோவில் இறங்கினால் எதிரே. அங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்த பதினோராம் நூற்றாண்டு வெண்கல நடராஜர் நிற்கிறார்.

ஊரில் நடராஜரைப் பார்த்தது எப்போதும் மாலைக்கும் பட்டுக்கும் உள்ளே. முகமும் ஒரு கையும்தான் தெரியும். இங்கே ஒன்றும் இல்லை. தூக்கிய திருவடியும், வீசிய கரமும், முயலகன் முதுகில் ஊன்றிய காலும் வெறும் வெண்கலமாக, சுற்றி வந்து பார்க்கும்படி. முதல் முறை எனக்கு என்னவோபோல் இருந்தது. பூசை இல்லாமல் நிற்கிறாரே என்று ஒரு மனம். இப்படி முழுதாகப் பார்த்ததே இல்லையே என்று இன்னொரு மனம். கை தானாகக் கூப்பியது. பக்கத்தில் நின்ற காவலர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பார்த்த முதல் ஆள் நானாக இருக்காது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ரோதேன் மியூசியம். சிற்பி ரோதேன் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை, படங்கள்தான். அந்த மனிதர் வடித்த உடல்களைக் கீமேயிலிருந்து வந்த கண்ணோடு பாருங்கள். அங்கேயும் 26 வயதுக்குள் இலவசம். தோட்டத்தில் ரோஜாச் செடிகள் நடுவே சிந்தனையாளர் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம், கிழமையைப் பாருங்கள். லூவ்ருக்கும் கீமேக்கும் செவ்வாய் விடுமுறை. ஒர்சேயும் ரோதேனும் திங்கள் மூடியிருக்கும். நவீனக் கலை மியூசியம் இருக்கும் பொம்பிதூ மையம் பெரிய பழுதுபார்ப்புக்காக 2025 முதல் மூடிக்கிடக்கிறது; 2030-இல்தான் திறக்கத் திட்டம்.

பெரிய பையோடு போகலாமா?

சூட்கேஸோடு உள்ளே விடமாட்டார்கள். ரயிலுக்குப் போகிற வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு வரவும்.

26 ஆகிவிட்டது. எல்லாம் முடிந்ததா?

இருபத்தாறாவது பிறந்தநாள் அன்றே முடிகிறது. அந்த வருடம் முழுக்க ஓடாது. முனைவர் பட்ட மாணவர்கள் இதைக் கேட்டு மனமுடைவதைப் பார்த்திருக்கிறேன். நானும் இப்போது அந்தப் பக்கம்தான்.

மிச்சம் இருக்கும் வழிகள்: மேலே சொன்ன முதல் வெள்ளி, முதல் ஞாயிறுகள், ஜூலை 14 அன்று லூவ்ர், மே மாதத்தில் ஒரு சனி இரவு நடக்கும் மியூசியங்களின் இரவு, செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்கள். படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தால், பிரான்சில் வேலை தேடுபவராகப் பதிவுசெய்த சான்றிதழுக்கும் தேசிய மியூசியங்களில் இலவச அனுமதி உண்டு. சான்றிதழ் சமீபத்தியதாக இருக்க வேண்டும்.

குடியிருப்பு அட்டையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். வயது தாண்டினாலும் நீங்கள் இங்கே வசிப்பவர்தான். லூவ்ரில் உங்களுக்கு 32 இல்லை, 22.